மலாக்காக் குன்றில் தமிழரின் அடிச்சுவடுகள்



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் நம்மவர் பலருக்கு மலையின் நினைவு வந்துவிடும். கேமரன் மலை, பிரேசர் மலை, பினாங்குக் கொடிமலை எனக் குளிர்ந்த இடங்களை நாடிக் குடும்பத்தோடு புறப்பட்டுவிடுவர். இவை யாவும் ஆங்கிலேயர் வெயிலுக்கு அஞ்சி ஓய்வெடுக்க அமைத்துக்கொண்ட மலைவாழிடங்கள். கேமரன் மலைக்குப் பெயர் வரக் காரணமான நில அளவையாளர் வில்லியம் கேமரன் அப்பகுதிக்குச் சென்றது 1885ஆம் ஆண்டில்தான். ஆனால், அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே உலக வணிகர் கூடிய ஓர் அரசின் தலைநகரம் நம் மாநிலத்தில் ஒரு குன்றின் மேல் விளங்கியது. அதுவே மலாக்காக் குன்று. இன்று அதனைச் செயின்ட் பால் குன்று என்கிறோம்.

உயரத்தில் அது மலையே அன்று. மூச்சு வாங்காமல் சில நிமிடங்களில் ஏறிவிடலாம். குளிரும் இல்லை, பனிமூட்டமும் இல்லை. ஆயினும், மலைநகரத்திற்குச் செல்வோர் தேடும் மற்ற யாவும் அங்கே உண்டு. மேலே நின்றால் கடலும் சிவப்பு ஓட்டுக் கூரைகளும் தெரியும். கீழே இறங்கினால் ஆற்றங்கரையில் கோப்பிக் கடைகள் வரிசையாக இருக்கும். பழைமைக்கோ குறைவே இல்லை.

இக்குன்றைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணத்தைத் தந்தவர்கள் மாணவர்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கல்விச் சுற்றுலாவாக அங்கு அழைத்துச் சென்றிருந்தோம். விளக்கப் பலகைகளை எல்லாம் படித்து முடித்த ஒரு மாணவன், "டீச்சர், போர்த்துகீசியர் வந்தாங்க, டச்சுக்காரங்க வந்தாங்க, வெள்ளைக்காரங்க வந்தாங்க. நம்ம ஆளுங்க எப்ப வந்தாங்க?" என்று கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் அருகில் நின்ற மாணவி, "நம்ம தாத்தாங்க பால்மரம் வெட்ட வந்தாங்க. இங்க இல்ல, தோட்டத்துல" என்று விடை கூறிவிட்டாள். அவள் கூறியது பொய்யன்று. ஆனால், அது முழு உண்மையும் அன்று. எஞ்சிய பகுதியை அக்குன்றின் மேல் நின்றபடியே காட்ட முடியும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

படிக்கட்டில் ஏறும்போது

குன்றுக்கு ஏறும் வழிகளுள் ஒன்று சாந்தியாகோ வாயிலின் அருகில் தொடங்குகிறது. 1511ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அபோன்சோ டி அல்புகர்க் தலைமையில் வந்த போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். உடனே குன்றின் அடிவாரத்தில் ஆ பமோசா என்னும் கோட்டையை எழுப்பத் தொடங்கினர். அதற்கான கற்களைச் சுல்தான்களின் கல்லறைகளிலிருந்தும் பள்ளிவாசலிலிருந்தும் பெயர்த்தெடுத்தனர் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பின்னர் மதில் குன்றைச் சுற்றி வளர்ந்தது. தேவாலயங்களும் மருத்துவமனையும் ஆளுநர் மாளிகையும் மதிலுக்குள் அமைய, குன்றே ஒரு நகரமாயிற்று. இன்று அந்தக் கோட்டையில் எஞ்சி நிற்பது இந்த ஒரு வாயில் மட்டுமே. வாயிலின் மேல் 1670 என்ற ஆண்டு செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அது போர்த்துகீசியர் செதுக்கியதன்று. 1641ஆம் ஆண்டு சனவரியில் மலாக்காவைப் பிடித்த டச்சுக்காரர், வாயிலைப் புதுப்பித்தபோது இட்ட முத்திரை.

உச்சியில் கூரையின்றி நிற்கும் சுவர்கள்தாம் பழைய தேவாலயம். துவார்த்தே கொயேல்யோ என்னும் போர்த்துகீசியத் தலைவர் 1521ஆம் ஆண்டில் எழுப்பிய சிற்றாலயம் அது. அதற்கு முன்னர் இக்குன்றில் மலாக்காச் சுல்தான்களின் அரண்மனை இருந்தது. செஜாரா மெலாயு நூலில் உள்ள வருணனையைக் கொண்டு 1980களில் மரத்தால் கட்டப்பட்ட அரண்மனை மாதிரியை இப்பொழுது அடிவாரத்தில் காணலாம்.

தேவாலயச் சுவர்களில் பெரிய கருங்கற் பலகைகள் சாய்த்து வைக்கப்பட்டுள்ளன. அவை கல்லறைக் கற்கள். டச்சுக்காரர் 1753ஆம் ஆண்டில் கீழே சிவப்பு வண்ணத் தேவாலயத்தைக் கட்டி முடித்த பின்னர், மேலே இருந்த இவ்விடத்தைத் தங்கள் இடுகாடாகப் பயன்படுத்தினர்.

தரையில் கம்பி வலையால் மூடிய ஒரு குழியும் உண்டு. புனித பிரான்சிஸ் சேவியர் 1552ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் சீனக் கரையருகே ஒரு தீவில் காலமானார். அவரது உடல் கோவாவுக்குக் கொண்டு செல்லப்படும் முன்னர், 1553இல் சில மாதங்கள் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. வழிகாட்டிகள் இதனைத் தவறாமல் கூறுவர். ஆனால், அவர் 1545இல் மலாக்காவுக்கு வருவதற்கு முன்னர் எங்கே இருந்தார் என்பதை நம் மாணவர்களுக்கு நாம்தான் கூற வேண்டும். 1542 முதல் அவர் பணியாற்றிய இடம் தமிழகத்தின் முத்துக்குளித்துறை. அங்குள்ள பரதவர்களிடையே, செபங்களைத் தமிழறிந்தோர் துணையுடன் தமிழில் பெயர்க்கச் செய்து, மனனம் செய்து ஓதியவர் அவர். அந்தக் குழியருகே நின்று இதனைச் சொன்னபோது மாணவர்கள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தனர்.

கடலை நோக்கி

தேவாலயத்தின் முன்னே நின்று மேற்கே பார்த்தால் மலாக்கா நீரிணை தெரியும். இப்பொழுது கடல் சற்றுத் தள்ளிப் போய்விட்டது. முற்காலத்தில் அலைகள் குன்றின் அடிவாரத்திற்கு அருகிலேயே வந்து மோதின. இடைப்பட்ட நிலம் முழுவதும் பிற்காலத்தில் கடலைத் தூர்த்து உருவாக்கியது. கடைத்தொகுதிகளும் விடுதிகளும் நிற்கும் அந்த இடத்தைக் கண்ணால் அழித்துவிட்டு, அங்கே கப்பல்கள் நங்கூரமிட்டிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அப்பொழுதுதான் பழைய மலாக்கா புலப்படும்.

பருவக்காற்றை நம்பிக் கப்பல் ஓடிய காலம் அது. ஒரு காற்றில் வந்தவர் மறு காற்று வீசும் வரை காத்திருக்க வேண்டும். ஆதலால், மலாக்கா வெறும் துறைமுகமாக அன்றி, பல நாட்டார் மாதக்கணக்கில் தங்கி வாழும் ஊராகவும் ஆயிற்று. 1512 முதல் 1515 வரை இங்குத் தங்கியிருந்த தோமே பிரெஸ் என்னும் போர்த்துகீசியர், இந்நகரில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதியுள்ளார். துறைமுகத்தைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள் இருந்தனர். அவர்களுள் ஒருவரின் பொறுப்பில் சோழமண்டலக் கரையினரும் வங்காளத்தாரும் இருந்தனர். பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் துணி வந்தது. அத்துணியைக் கொடுத்தே மாலுக்குத் தீவுகளின் கிராம்பையும் பண்டாவின் சாதிக்காயையும் வாங்கினர். தமிழ் நெசவாளர் கைபட்ட துணி, வாசனைத் திரவியத்திற்கு விலையாக இருந்தது என்றால் மிகையாகாது.

வணிகர் மட்டுமல்லர். செஜாரா மெலாயு, கலிங்க நாட்டிலிருந்து கப்பலேறி வந்த மணி புரிந்தம் என்பவரைப் பற்றிப் பேசுகிறது. தமிழ் முஸ்லிம் மரபாக அறியப்படும் அவரது வழித்தோன்றல்கள் மலாக்கா அரசில் உயர்ந்த பதவிகளை வகித்தனர். 1446ஆம் ஆண்டளவில் அரியணை ஏறிய சுல்தான் முசபர் ஷா, தாய்வழியில் இக்குடும்பத்தைச் சேர்ந்தவர். பெண்டஹாரா துன் முத்தாஹிர் அம்மரபினரே. 1510இல் சுல்தான் மஹ்மூத் ஷாவின் ஆணையால் அவர் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே மலாக்கா வீழ்ந்தது.

அந்த வீழ்ச்சியிலும் ஒரு தமிழர் இருக்கிறார். போர்த்துகீசிய ஏடுகள் அவரை நினா சத்து என்கின்றன. நயினா செட்டி என்பதன் திரிபாக அது இருக்கலாம் என்பர். இந்து வணிகரான அவர், 1509இல் மலாக்காவில் சிறைப்பட்ட போர்த்துகீசியருக்கு இரகசியமாக உதவினார். நகரைப் பிடித்த அல்புகர்க் அவரை முஸ்லிம் அல்லாதாருக்குப் பெண்டஹாராவாக அமர்த்தினார். 1514இல் அப்பதவி அவரிடமிருந்து பறிக்கப்பட்டு வேறொருவருக்குத் தரப்பட்டது. அவமானம் தாங்காத அவர், தீ மூட்டி அதில் பாய்ந்து உயிர் துறந்தார் என்று போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்துள்ளனர்.

இதனை மாணவர்களுக்குக் கூறலாமா என்று சிலர் தயங்குவர். கூறத்தான் வேண்டும் என்பேன். நம் முன்னோர் யாவரும் வீரர், யாவரும் நல்லவர் என்று கற்பிப்பது வரலாறு ஆகாது. ஓர் ஊரில் அமைச்சராகவும் அரசரின் தாயாகவும் அந்நியருக்கு உதவியவராகவும் ஓர் இனத்தார் இருந்தனர் என்றால், அவர்கள் அவ்வூரில் விருந்தாளிகளாக இல்லை, உள்ளூர்க்காரர்களாகவே இருந்தனர் என்பது பொருள். அதுவே மாணவனின் கேள்விக்கு முதல் விடை.

வெடிமருந்தும் தமிழ் வகுப்பும்

குன்றின் மறுபுறம் நின்று பார்த்தால், ஒரு பெரிய மதிற்கோட்டை இருந்த இடத்தில் புல்வெளியும் சாலையும் தெரிகின்றன. கோட்டையை இடித்தவர் அதனைக் கைப்பற்ற வந்த பகைவரல்லர். 1795இல் மலாக்காவைப் பொறுப்பேற்ற ஆங்கிலேயர், அது மீண்டும் டச்சுக்காரர் கைக்குப் போனால் தங்களுக்கு ஆபத்து என்று எண்ணி, 1807ஆம் ஆண்டளவில் வெடிமருந்து வைத்துத் தகர்த்தனர். அதனைச் சிறுவனாகக் கண்டு, பிற்காலத்தில் மலாய் மொழியில் எழுதியவர் முன்ஷி அப்துல்லா. 1796இல் மலாக்காவில் பிறந்த அவர், நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்படுகிறார். அவருடைய தன்வரலாறான ஹிக்காயாட் அப்துல்லா 1849இல் அச்சேறியது.

அரபு, தமிழ் இரத்தம் கலந்த குடும்பம் அவருடையது. ஏமனிலிருந்து வந்த அவருடைய முன்னோர் நாகூரில் மணம் புரிந்து, அவ்வழியில் மலாக்காவுக்கு வந்தவர்கள். தம் தந்தை தம்மைத் தமிழ் கற்க ஓர் ஆசிரியரிடம் அனுப்பினார் என்று அப்துல்லா குறிப்பிடுகிறார். அதற்கு அவர் கூறும் காரணத்தைத் தமிழாசிரியர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். மலாக்காவில் வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலம் முதல் வழக்கமாக இருந்ததாம். கணக்கு வழக்குக்கும் வணிகரோடு பேசுவதற்கும் அம்மொழி தேவைப்பட்டதாம். 1800ஆம் ஆண்டை ஒட்டிய மலாக்காவில், காசு கொடுத்துப் பிறர் வந்து கற்ற மொழியாகத் தமிழ் இருந்திருக்கிறது! இன்று தமிழ்ப்பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தால் எதிர்காலம் என்னாகும் என்று தயங்கும் பெற்றோரிடம் நான் இந்தச் செய்தியைக் கூறுவதுண்டு.

ஆனால், கதை அங்கே முடியவில்லை. அடுத்த பகுதியைக் காண நாம் குன்றிலிருந்து இறங்க வேண்டும்.

ஆற்றைக் கடந்து

சிவப்புச் சதுக்கத்தின் வழியாக இறங்கிப் பாலத்தைக் கடந்தால் பழைய வணிகர் குடியிருப்பு. மலாக்கா 2008ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள் ஜோர்ஜ் டவுனுடன் சேர்த்து உலக மரபுடைமை நகராக அறிவிக்கப்பட்டது. அதன் பின்னர் இப்பகுதியின் முகமே மாறிவிட்டது. குறுகிய முகப்பும் நீண்ட உள்ளறைகளும் கொண்ட பழைய கடைவீடுகள் பல இன்று கோப்பிக் கடைகளாகவும் தங்கும் விடுதிகளாகவும் உள்ளன. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு முடிவுக்கு வந்ததும், குறைந்த வாடகையில் தலைமுறைகளாகத் தொழில் செய்துவந்த குடும்பங்கள் பல வெளியேறியதும் இம்மாற்றத்தின் மறுபக்கம். கோப்பி சுவையாகத்தான் இருக்கிறது. ஆயினும், நாம் அமர்ந்திருக்கும் நாற்காலியின் இடத்தில் முன்பு எவருடைய பட்டறை இருந்தது என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது நல்லது.

வெயிலில் ஏறி இறங்கிய பிள்ளைகளுக்குக் குளிர்ந்த செண்டோல் வாங்கிக் கொடுங்கள். அதன் மேல் ஊற்றப்படும் கரிய பாகு கூலா மெலாக்கா. பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கும் நம் ஊர்ப் பக்குவத்தின் உறவுதான் அது. இங்கே தென்னம்பாளையின் சாற்றிலிருந்து எடுக்கின்றனர். ஒரு தே தாரிக், இரண்டு தோசை என்று வயிற்றுக்கு இட விரும்புவோர், லிட்டில் இந்தியா பக்கமுள்ள நம்மவர் உணவகங்களுக்குச் செல்லலாம்.

பிறகு ஜாலான் துக்காங் எமாஸ் என்னும் தட்டார் தெருவுக்கு வாருங்கள். அங்கே ஶ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இருக்கிறது. 1781ஆம் ஆண்டில், டச்சு அரசு வழங்கிய நிலத்தில், செட்டி சமூகத்தின் தலைவர் தெய்வநாயகம் செட்டி எழுப்பியது. இன்றும் வழிபாடு நடைபெறும் இந்து ஆலயங்களுள் நம் நாட்டிலேயே மிகப் பழைமையானதாக இது கருதப்படுகிறது. சில அடிகள் தள்ளி, 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர் அமைத்த கம்போங் கிளிங் பள்ளிவாசல். அதனையும் கடந்தால், 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த செங் ஹூன் தெங் சீனக் கோவில். மாசி மகத்தின்போது இவ்விநாயகர் ஆலயத்திலிருந்து புறப்படும் இரதம், செங் பகுதியிலுள்ள சன்னாசி மலை ஆண்டவர் ஆலயத்திற்குச் செல்வதை மலாக்கா மக்கள் யாவரும் அறிவர்.

காஜா பேராங்கில் ஒரு கேள்வி

ஆலயத்தை எழுப்பிய அந்தச் செட்டி சமூகம் இன்று எங்கே? நகரிலிருந்து சிறிது தொலைவில், காஜா பேராங்கில் உள்ளது அவர்களுடைய கிராமம். இவர்களை 19ஆம் நூற்றாண்டில் வட்டித்தொழிலுக்கு வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மலாக்காச் செட்டிகள், சுல்தானகக் காலத்தில் வந்து தங்கிய தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள். பிள்ளை, நாயக்கர், படையாட்சி எனும் பெயர்கள் இன்றும் அவர்களிடையே வழங்குகின்றன. பொங்கலும் தீபாவளியும் உண்டு. போகியன்று மூதாதையருக்குப் படையலிடும் 'பார்ச்சு' உண்டு. அம்மை நோய் நீங்க மாரியம்மனை வேண்டும் 'டத்தோ சாச்சார்' திருவிழா உண்டு. ஆடவர் கைலியும் பெண்டிர் கெபாயாவும் அணிவர்.

அவர்கள் வீட்டில் பேசும் மொழி மலாய். அதில் தமிழ்ச் சொற்கள் சில தங்கியிருக்கின்றன. ஆனால், தமிழ் பேசத் தெரிந்தவர் மிகச் சிலரே.

பிறர் பிள்ளைகளும் கற்ற மொழி, அதனைக் கொண்டுவந்தவர் வீட்டிலேயே எவ்வாறு மறைந்தது? காரணங்களை வரலாறு காட்டுகிறது. முதலாவது, கப்பலில் வந்தவர் பெரும்பாலும் ஆடவர். அவர்கள் இங்குள்ள மலாய், ஜாவா, சீனப் பெண்களை மணந்தனர். பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடிய தாயின் மொழியே வீட்டு மொழியாயிற்று. இரண்டாவது, டச்சுக்காரர் ஆட்சியில் வணிகம் பத்தாவியாவைச் சென்று சேர்ந்தது. மலாக்காவின் செல்வம் சுருங்கியது. தமிழகத்திலிருந்து புதியவர் வருவது குறைந்தது. செட்டிகள் நகரை விட்டு நகர்ந்து பயிர்த்தொழிலை நாடினர். மூன்றாவது, கணக்குக்காகவும் வணிகத்துக்காகவும் கற்ற மொழி, அந்தக் கணக்கும் வணிகமும் போனபின் தேவையற்றதாயிற்று. பயனுக்காக மட்டும் கற்ற மொழிக்குப் பயன் தீர்ந்தவுடன் ஆயுளும் தீர்ந்துவிடுகிறது.

இதனைக் குறையாகக் கூறவில்லை. ஐந்நூறு ஆண்டுகளாகத் தெய்வத்தையும் சடங்கையும் மூதாதையர் பெயரையும் விடாமல் காத்து வந்திருக்கும் அவர்களுடைய உறுதியை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது. புகைப்படம் எடுக்கும் காட்சிப்பொருளாக அன்றி, உறவினர் வீடாக எண்ணியே அக்கிராமத்திற்குள் நாம் செல்ல வேண்டும்.

லேடாங் மலையின் பக்கம்

இப்பொழுது மாணவியின் விடைக்கு வருவோம். மலாக்காவின் கிழக்கே, ஜொகூர் எல்லையில், 1,276 மீட்டர் உயரத்தில் நிற்கிறது லேடாங் மலை. சுல்தானிடம் ஏழு நிபந்தனைகள் கேட்ட இளவரசியின் கதை அம்மலைக்கு உரியது. மலாயாவின் இரப்பர்த் தோட்ட வரலாறும் மலாக்கா மாநிலத்தில்தான் தொடங்கியது. மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான், தாவரவியலாளர் ஹென்றி ரிட்லியின் ஊக்கத்தால், 1896ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் இரப்பர் நட்டார். வணிக நோக்கில் அமைந்த முதல் இரப்பர்த் தோட்டம் அது. பின்னர் லேடாங் மலையடிவாரத்தில் புக்கிட் அசகானில் பெரிய தோட்டத்தை உருவாக்கினார். மோட்டார் வண்டிகள் பெருகி இரப்பர் விலை ஏறியதும், ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை வாங்கிக் குவித்தன. கங்காணிகள் தமிழகக் கிராமங்களிலிருந்து ஆள் சேர்த்து அனுப்பினர். 1938இல் இந்திய அரசு தடுத்து நிறுத்தும் வரை அது தொடர்ந்தது.

அவர்கள் பட்ட துயரம் கொஞ்சமன்று. சப்பானியர் ஆட்சியில், தம்பினையும் மலாக்காவையும் இணைத்த இரயில் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து, சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு சென்றனர். அதே பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களையும் ஆயிரமாயிரமாக ஏற்றிச் சென்றனர். பெரும் எண்ணிக்கையினர் திரும்பவில்லை. அதன்பின் மலாக்கா நகருக்கு இரயில் மீண்டும் வரவேயில்லை. இன்றும் பூலாவ் செபாங் நிலையத்தில் இறங்கித்தான் வர வேண்டும்.

ஆனால், செல்வமும் செல்வாக்கும் இல்லாத இந்தத் தோட்டத்து மக்களிடம் தமிழ் நிலைத்தது. ஏன்? அவர்கள் காலப்போக்கில் குடும்பமாக வந்தனர். தாய் தமிழ் பேசினாள். லயத்துக்கு அருகில் ஒரு கொட்டகையாவது பள்ளியென்று நின்றது. கங்காணியோ கிராணியோ கூட அங்கே ஆசிரியராக இருந்ததுண்டு. பட்டறிவு குறைந்த, பாட நூல் குறைந்த பள்ளிதான். ஆயினும், பால் வாளி சுமந்த கைகளின் பிள்ளைகள் அங்கே அ, ஆ எழுதினர். மாடமாளிகை வணிகரால் இயலாததை அந்தக் கொட்டகை செய்தது. மலாக்கா மாநிலத்தில் இன்றுள்ள 21 தமிழ்ப்பள்ளிகளுள் பலவும் அத்தகைய கொட்டகைகளின் வாரிசுகளே.

தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். தோட்டப் பள்ளிகள் சிலவற்றில் மாணவர் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கியுள்ளது. வீட்டில் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் மட்டும் பேசும் பெற்றோரையும் காண்கிறேன். அவர்களிடம் நான் சினம் கொள்வதில்லை. பிள்ளை முன்னேற வேண்டும் என்ற அக்கறைதான் அது. ஆனால், தாயின் நாவும் பள்ளியின் பலகையும் ஒருசேர விலகினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு நாட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. நம் ஊரிலேயே, குன்றிலிருந்து நடந்து செல்லும் தூரத்திலேயே சான்று இருக்கிறது.

விடுமுறையில் செல்வோருக்கு

காலையில் வெயில் ஏறும் முன்னரே குன்றில் ஏறிவிடுங்கள். கீழே உள்ள திடலையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1956ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள், துங்கு அப்துல் ரஹ்மான் விடுதலை நாளை அறிவித்த இடம் அது. பிறகு ஆற்றைக் கடந்து, தட்டார் தெருப் பக்கமுள்ள மூன்று வழிபாட்டிடங்களையும் கண்டு, ஒரு கோப்பிக் கடையில் இளைப்பாறுங்கள். பிற்பகலில் காஜா பேராங்கிலுள்ள செட்டி கிராமத்திற்கும் அங்குள்ள சிறு அருங்காட்சியகத்திற்கும் செல்லுங்கள். நேரமிருந்தால் ஜாசின் வழியாக அசகான் பக்கம் வண்டியைச் செலுத்துங்கள். ஒரே நாளில் ஐந்நூறு ஆண்டுகளைப் பார்த்துவிடலாம்.

போகும் வழியில் பிள்ளைகளோடு தமிழில் பேசிக்கொண்டே செல்லுங்கள். 'நம்ம ஆளுங்க எப்ப வந்தாங்க?' என்று கேட்டால், "முதலில் கப்பலில் துணியோடு வந்தார்கள், பிறகு கப்பலில் குடும்பத்தோடு வந்தார்கள், இரண்டு முறை வந்தவர்களும் நம்மவர்களே" என்று விடை கூறுங்கள்.